வாடகைத் தகராறில் எந்தச் சட்டம் பொருந்தும்? தமிழ்நாட்டு வீட்டுக்காரருக்கும் வாடகைதாரருக்கும் முழுமையான வழிகாட்டி

வாடகை வழக்கு என்றால் பாக்கி எவ்வளவு, காலி செய்யச் சொல்ல உரிமை உண்டா என்பதைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் பல வழக்குகள் அந்தக் கேள்வி வரைக்கும் போவதே இல்லை. ‘இந்தக் கட்டடத்துக்கு வாடகைச் சட்டம் பொருந்தாது, இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை’ என்று எதிர்த்தரப்பு எழுதும் ஒரே பத்தியில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்கின்றன. அதிகாரம் இல்லாத நீதிமன்றம் பத்து ஆண்டு விசாரித்துத் தீர்ப்பளித்தாலும் அது செல்லாது. இரு தரப்பும் சேர்ந்து ‘இங்கேயே நடக்கட்டும்’ என்று ஒப்புக்கொண்டாலும் இல்லாத அதிகாரம் வந்துவிடாது. அதனால் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவதற்கு முன்பே, எந்தச் சட்டம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான வழி கீழே, தமிழ்நாட்டு நிலவரப்படி.

முதலில் ஒரு தேதியை மனதில் வையுங்கள்: 22.02.2019

அதற்கு முன் இருந்தது 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம். ஊர்ப்பேச்சில் ‘ரென்ட் கன்ட்ரோல்’. சென்னை, மதுரை மாநகரங்களுக்கும் எல்லா நகராட்சிகளுக்கும் அது பொருந்தியது. மற்ற ஊர்களுக்கு அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான். ‘நியாய வாடகை’ நிர்ணயம், ‘வேண்டுமென்றே வாடகை கட்டாமை’, ‘சொந்த உபயோகத்துக்குத் தேவை’, ‘இடித்துக் கட்டுதல்’ எல்லாம் அந்தச் சட்டத்தின் சொற்கள். புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு 5 ஆண்டு விலக்கு அதில் இருந்தது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் போன குடியிருப்புகளுக்கும் விலக்கு இருந்தது. அந்த 400 ரூபாய் விலக்கை ரத்தன் ஆர்யா வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இன்றைக்கும் சிலர் ‘வாடகை அதிகம், அதனால் ரென்ட் கன்ட்ரோல் வராது’ என்று சொல்வது அந்தப் பழைய விலக்கின் மிச்சம்தான்.

22.02.2019 அன்று அந்தச் சட்டம் நீங்கி, தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் அடிப்படையே வேறு. பழைய சட்டம் வாடகைதாரரின் குடியிருப்பைக் காத்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் அவரை அசைக்க முடியாது. புதிய சட்டம் ஒப்பந்தத்தைக் காக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதில் உள்ளபடி நடக்க வேண்டும். பழைய சட்டத்தின் நினைவில் இருந்துகொண்டு புதிய சட்டத்தின் கீழ் வழக்காடினால், நல்ல வழக்கும் தோற்கும்.

வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் எண்ணைப் பாருங்கள். ஆர்.சி.ஓ.பி. என்று இருந்தால் அது பழைய சட்டத்தின் மனு. 22.02.2019-க்கு முன் தாக்கலாகி நிலுவையில் இருந்த மனுக்கள் பழைய சட்டப்படியே நடந்து முடியும். ஆர்.எல்.டி.ஓ.பி. என்றால் புதிய சட்டம். ஓ.எஸ். என்றால் சாதாரண உரிமையியல் வழக்கு. அதாவது, வழக்குப் போட்டவர் ‘வாடகைச் சட்டம் பொருந்தாது’ என்ற நிலையை எடுத்திருக்கிறார்.

படி 1: காகிதங்களைச் சேர்த்து ஒரு தேதித்தாள் போடுங்கள்

வாடகை ஒப்பந்தம் (காலாவதியானதும் சேர்த்து), வாடகை ரசீதுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, ஜிபே, போன்பே பதிவுகள், அட்வான்ஸ் கொடுத்ததற்கான சீட்டு, சொத்து வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, வில்லங்கச் சான்று, வந்த கடிதங்கள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளில் இந்தத் தேதிகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: முதலில் குடி வந்த நாள், கடைசியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நாள், அது முடிந்த நாள், உரிமையாளர் மாறியிருந்தால் அந்த நாள், கடைசியாக வாடகை வாங்கிய அல்லது கொடுத்த நாள், நோட்டீஸ் நாள். நடுவில் 22.02.2019 என்று ஒரு கோடு இழுங்கள். எந்தத் தேதி கோட்டுக்கு மேலே, எது கீழே என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

கட்டடம் எந்த உள்ளாட்சிக்குள் வருகிறது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். மாநகராட்சியோடு பின்னாளில் சேர்க்கப்பட்ட ஊராட்சிப் பகுதி என்றால் சேர்த்த தேதியும் வேண்டும். பழைய சட்டத்தின் கீழ் நிலுவையில் உள்ள வழக்கில் அந்தத் தேதி வழக்கையே திருப்பக்கூடியது. புதிய வழக்கு என்றால், அந்த ஊர் எந்த வாடகை அதிகாரியின் எல்லைக்குள் வருகிறது என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 2: இது வாடகை உறவுதானா?

வாடகைச் சட்டம் எதுவானாலும் அது உரிமையாளர், வாடகைதாரர் என்ற உறவுக்குத்தான். அந்த உறவே இல்லை என்றால் மேலே படிக்க வேண்டியதில்லை.

அதிகம் குழப்புவது நம் ஊரில் ‘லீசு’ என்று சொல்வது. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருந்துகொண்டு, காலி செய்யும்போது பணத்தை அப்படியே திருப்பி வாங்குவது. தாளில் ‘லீஸ் அக்ரிமென்ட்’ என்றிருக்கும்; சில ஊர்களில் ‘போக்கியம்’, ‘ஒத்தி’ என்றும் எழுதுவார்கள். இங்கே கேள்வி இது: பணம் கடனாகக் கொடுக்கப்பட்டு அதற்கு ஈடாக வீடு ஒப்படைக்கப்பட்டதா, அல்லது வீட்டை அனுபவிப்பதற்காகப் பணம் வைக்கப்பட்டதா? முதலாவது, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி அனுபவ அடமானம். 100 ரூபாயோ அதற்கு மேலோ கடன் என்றால் அனுபவ அடமானம் பதிவு செய்த பத்திரத்தால்தான் உண்டாக வேண்டும், சொத்தை ஒப்படைத்தால் மட்டும் போதாது; மீட்பு வழக்குக்கு 30 ஆண்டு காலவரம்பு. இரண்டாவது குத்தகை. நீதிமன்றம் தலைப்பைப் பார்க்காது. உள்ளே உள்ள வரிகளைப் பார்க்கும். ‘பெற்றுக்கொண்ட கடன் தொகைக்கு வட்டிக்குப் பதிலாக’ என்ற வரி இருந்தால் அடமானத்தின் பக்கம் சாயும். ‘திரும்பத்தக்க முன்பணம்’, ‘குடியிருப்புக்காக மட்டும்’, ‘உள்வாடகைக்கு விடக்கூடாது’ என்ற வரிகள் இருந்தால் குத்தகையின் பக்கம். இந்த மாதிரித் தாளை வைத்துக்கொண்டு நேராக வெளியேற்ற மனு போடும் வீட்டுக்காரர், ‘நான் வாடகைதாரரே இல்லை, ஒத்திதாரர்’ என்ற பதிலுக்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது உரிமம், அதாவது இடத்தைப் பயன்படுத்திக்கொள்ள வெறும் அனுமதி. கடைக்குள் ஒரு மூலையில் ஸ்டால் போட்டுக்கொள்ள, பள்ளியில் கேன்டீன் நடத்த, வளாகத்தில் வண்டி நிறுத்த விட்டது போன்றவை. 1959-இல் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இன்றும் அப்படியே நிற்கிறது: இடத்தின் தனி அனுபவம் யாரிடம், இரு தரப்பின் நோக்கம் என்ன. சாவி யாரிடம் இருக்கிறது, ராத்திரி பூட்டுவது யார், உரிமையாளர் கேட்காமல் உள்ளே வர முடியுமா என்ற சின்னக் கேள்விகள்தான் இதைத் தீர்மானிக்கும். ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ என்று தலைப்புப் போட்டுவிட்டுச் சாவியை முழுதாகக் கொடுத்துவிட்டால் அது வாடகைதான்.

வேலைக்காகக் கொடுத்த குவார்ட்டர்ஸ், காவலாளிக்கு விட்ட அறை, உறவினரைச் சும்மா இருக்கவிட்டது ஆகியவையும் வெளியே போய்விடும்.

படி 3: வாடகைக்கு விட்டது என்ன?

புதிய சட்டம் கட்டடத்துக்கு: குடியிருப்பு, வணிகம், கல்வி. தொழிற்சாலைப் பயன்பாடு வெளியே. ஓட்டல், விடுதி, சத்திரம் வெளியே.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை, வார்ப்புக்கூடம், திருப்பூரில் பனியன் நிட்டிங் யூனிட் ஆகியவற்றில் இந்தத் தகராறு எழும். முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் உற்பத்தி என்றால் இரு தரப்பும் தனக்குச் சாதகமான பாதியைப் பிடித்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் எழுதியுள்ள நோக்கம், தொழில் உரிமம், மின் இணைப்பின் கட்டணப் பிரிவு, ஜிஎஸ்டி பதிவில் காட்டியுள்ள தொழில் வகை ஆகிய நான்கையும் வைத்துத்தான் வாதாட முடியும். தொழிற்சாலைப் பயன்பாடு என்று முடிவானால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் வரும். அங்கே இன்னொரு பொறி: அதன் 106-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும், விவசாயத்துக்கோ உற்பத்திக்கோ விட்டது என்றால் 6 மாத நோட்டீஸ். ‘தொழிற்சாலை, அதனால் வாடகைச் சட்டம் வராது’ என்று சொல்லும் உரிமையாளர் அதே மூச்சில் 15 நாள் நோட்டீஸ் அனுப்பியிருந்தால், தன் வாதத்தையே தனக்கு எதிராகத் திருப்பிக் கொடுத்ததாக ஆகும்.

இயந்திரம், தளவாடம், தொழில் எல்லாம் சேர்த்து விட்டிருந்தால் எது முதன்மை என்று பார்க்க வேண்டும். திரையரங்கை நாற்காலி, புரொஜெக்டரோடு குத்தகைக்கு விட்ட துவாரகா பிரசாத் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம், அது வெறும் கட்டட வாடகை அல்ல, நடந்துகொண்டிருக்கும் தொழிலின் குத்தகை என்று முடிவு செய்தது. கல்யாண மண்டபம், அரிசி ஆலை, பெட்ரோல் பங்க் எல்லாம் இந்தச் சோதனைக்கு உள்ளாகும்.

காலி மனையை வாடகைக்கு எடுத்து, கட்டடத்தை வாடகைதாரரே கட்டியிருந்தால் அது ‘அடிமனை’. கட்டட வாடகைச் சட்டம் அங்கே வராது. சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1921 பொருந்துமா என்று பார்க்க வேண்டும். பொருந்தினால், கட்டடத்துக்கு இழப்பீடு கேட்கலாம். 9-ஆம் பிரிவின் கீழ் மனையை விலைக்குத் தரும்படியே நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் குறிப்பிட்ட தேதிகளுக்கு முன் தொடங்கிய மனைக் குத்தகைகளுக்குத்தான் அது உண்டு. அழைப்பாணை கிடைத்த ஒரு மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு, தாத்தா காலத்தில் கட்டிய வீட்டைக் கைவிட்டவர்கள் உண்டு. அழைப்பாணை கைக்கு வந்த அன்றே உறையின் மேல் தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

படி 4: உரிமையாளர் யார்?

கட்டடம் சரியாக இருந்தாலும் உரிமையாளரின் தன்மையால் சட்டம் விலகிப்போகும். 2017 சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் படியுங்கள். அரசு, உள்ளாட்சி, அரசு நிறுவனங்களின் கட்டடங்கள் வெளியே. நிறுவனமோ பல்கலைக்கழகமோ தன் ஊழியருக்குப் பணியோடு சேர்த்துக் கொடுத்த வீடு வெளியே. சமய, அறநிலையங்களுக்கும் வக்புக்கும் விலக்கு அதே பிரிவில் வருகிறது. அதன் வாசகத்தையும் அதன் கீழ் வந்த அறிவிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோயில் கட்டடங்களின் கதை பழையது. 1976-இல் அரசாணை மூலம் சமய, அறக்கட்டளைக் கட்டடங்கள் பழைய சட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் கந்தசாமி செட்டியார் வழக்கில் அதை ஏற்றது. 1996-இல் கோயில், மசூதி, தேவாலய நிலங்கள் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டன. மயிலாப்பூர் கிளப் வழக்கில் 2005-இல் அதுவும் செல்லும் என்றானது. அதனால் கோயில் கடையிலோ கோயில் அடிமனையிலோ இருப்பவர் எதிர்கொள்வது இந்து சமய அறநிலையத் துறைச் சட்டம், 1959. வாடகை நிர்ணயத்துக்கு அதன் 34-ஏ பிரிவு. 5 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் அனுமதி வேண்டும் என்பது 34-ஆம் பிரிவு. வெளியேற்றத்துக்கு 78-ஆம் பிரிவு. குத்தகை முடிந்தும் இருப்பவரை அந்தப் பிரிவு ஆக்கிரமிப்பாளராகவே கருதுகிறது. மூன்று தலைமுறையாக வாடகை கட்டி வந்தவரை அந்தச் சொல் வலிக்கச் செய்யும். ஆனால் வலியை வாதமாக வைத்தால் பயன் இல்லை. நிர்ணயித்த வாடகைக்கு எதிராகக் காலவரம்புக்குள் மேல்முறையீடு செய்து, ஒப்புக்கொண்ட தொகையை விடாமல் கட்டி, ரசீது வாங்கி வைப்பதுதான் இருப்பிடத்தைக் காக்கும்.

தனியார் குடும்ப அறக்கட்டளை, பெயரில் மட்டும் ‘டிரஸ்ட்’ உள்ள அமைப்பு, கோயிலுக்குக் கட்டளை செய்யச் சொல்லி எழுதிவைத்த தனியார் சொத்து ஆகியவற்றில் விலக்கு தானாக வராது. விலக்கு உண்டு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அறக்கட்டளைப் பத்திரத்தையும் சொத்துப் பதிவேட்டின் நகலையும் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: எந்தக் காகிதம் இருக்கிறது?

கட்டடமும் சரி, உரிமையாளரும் தனியார் என்றால், இனி எல்லாம் காகிதத்தைப் பொறுத்தது. 2017 சட்டத்தின் 4-ஆம் பிரிவு: சட்டம் வந்த பிறகு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது. முன்பே வாய்மொழியாக இருந்தவர்களும் எழுத்துக்கு வர வேண்டும். அதற்குத் தந்த கெடு நீட்டிக்கப்பட்டு, அதுவும் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒப்பந்தத்தை 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும்.

இங்கே பெரும்பாலோர் தடுக்கி விழும் இடத்தைச் சொல்ல வேண்டும். ‘11 மாதம்தான் போட்டிருக்கிறோம், பதிவு தேவையில்லை’ என்பார்கள். அந்த 11 மாதக் கணக்கு பதிவுச் சட்டத்துக்கானது: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் 11 மாதம். வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. அதற்கு 11 மாதம், 3 ஆண்டு என்ற பேதம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டோம் என்பதாலும் இது முடிந்துவிடாது. இரண்டும் தனித்தனி அலுவலகம், தனித்தனி எண். உங்கள் தாளில் வாடகைப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பத்திர எண் அல்ல, வாடகைப் பதிவு எண்.

பதிவை அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் செய்யலாம். முதல் அட்டவணைப் படிவத்தில் இரு தரப்பின் பெயர், முகவரி, ஆதார், பான் விவரங்கள், கட்டட விவரம், தளவாடங்கள், வாடகை, காலம் கேட்கப்படும். உரிமையாளரோ வாடகைதாரரோ விண்ணப்பிக்கலாம். அதனால் ‘வீட்டுக்காரர் பதிவு செய்ய மறுக்கிறார்’ என்று வாடகைதாரர் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பதிவு இல்லாவிட்டால் என்ன? 4-ஏ பிரிவுப்படி அந்த ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதில் தடை வரும். 40-ஆம் பிரிவு இரண்டு வேலை செய்கிறது: ஒரு பக்கம், இந்தச் சட்டம் தொடும் விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவை மூடுகிறது, மறு பக்கம், வாடகை நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தன்முன் வைக்கப்பட்ட ஒப்பந்தத்தோடு கட்டிப்போட்டு, சொத்தின் உரிமை மூலத்தை (சொத்து யாருக்குச் சொந்தம் என்பதை) அது விசாரிக்கக் கூடாது என்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் இன்றைய தகராறுகளில் பெரும்பகுதி நடக்கிறது. ‘பதிவில்லை, அதனால் வாடகை நீதிமன்றம் போக முடியாது’ என்று அங்கே வாதம். ‘சட்டம் பொருந்தும், அதனால் இங்கே வர முடியாது’ என்று உரிமையியல் நீதிமன்றத்தில் வாதம்.

இதற்கு வெளியே வரும் வழி காகிதத்தின் வகையைப் பிரித்துப் பார்ப்பது.

22.02.2019-க்கு முன் தொடங்கிய வாடகை, அதன்பின் எழுத்து ஒப்பந்தமே போடவில்லை என்றால், 21-ஆம் பிரிவின் (2)(ஏ) இதற்காகவே இருக்கிறது: ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றக் காரணம். வாடகை நீதிமன்றத்தில் மனு.

அதன்பின் எழுத்து ஒப்பந்தம் உண்டு, வாடகைப் பதிவும் உண்டு என்றால் சிக்கலே இல்லை. இரண்டு மாத வாடகைப் பாக்கி, அனுமதியில்லா உள்வாடகை, தவறான பயன்பாடு, சொந்தத் தேவை என 21-ஆம் பிரிவின் காரணங்களில் பொருந்துவதைப் பிடித்து வாடகை நீதிமன்றம்.

அதன்பின் எழுத்து ஒப்பந்தம் உண்டு, பதிவு இல்லை என்பதுதான் வம்பு. வழக்குப் போடும் முன் தாமதமாகவாவது பதிவு செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். அதைவிட மலிவான தீர்வு கிடையாது. முடியாத நிலையில், இந்த ஒரு கேள்வியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் அண்மைத் தீர்ப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எங்கே தாக்கல் செய்வது என்று சொல்லும்படி வழக்கறிஞரைக் கேளுங்கள். ‘எல்லாரும் இங்கேதான் போடுவார்கள்’ என்பது பதில் அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு. மதுரையில் 1994-இல் வாய்மொழியாக விட்ட கடை. 2015-இல் 20 ரூபாய் முத்திரைத்தாளில் 11 மாத ஒப்பந்தம், 2016-இல் முடிந்தது. வாடகை மட்டும் தொடர்கிறது. 2020-இல் உரிமையாளர் இறந்தார். அதன்பின் வாடகை மூத்த மகனின் எண்ணுக்கு ஜிபேயில் போகிறது. 2024-இல் மகன்கள் காலி செய்யச் சொல்கிறார்கள். தேதித்தாளில் பாருங்கள்: கட்டடம், வணிகம், தனியார், மாநகராட்சி. 22.02.2019 அன்று உயிரோடு இருந்த எழுத்து ஒப்பந்தம் இல்லை. வாடகை வாங்கி வந்ததால் மாதாந்திர வாடகையாகத் தொடர்ந்தது. அதன்பிறகும் ஒப்பந்தம் இல்லை. ஆக, 21(2)(ஏ), வாடகை நீதிமன்றம். ‘மகன்கள் என் வீட்டுக்காரர் அல்ல’ என்று கடைக்காரர் சொன்னால், நான்கு ஆண்டு ஜிபே பதிவே பதில்; வாடகை கொடுத்து ஏற்றுக்கொண்டவரின் உரிமையை மறுக்க வாடகைதாரருக்குச் சாட்சியச் சட்டம் இடம் தருவதில்லை. மகன்கள் இதை விட்டுவிட்டு 106-ஆம் பிரிவு நோட்டீஸோடு மாவட்ட முன்சீப் நீதிமன்றம் போயிருந்தால், 40-ஆம் பிரிவு முதல் நாளே எதிரே நின்றிருக்கும்.

படி 6: எந்த வாசல்?

வாடகை அதிகாரி: துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரி. பதிவு, வாடகைத் திருத்தம், வாங்க மறுத்த வாடகையைச் செலுத்துதல், தண்ணீர், மின்சாரம் நிறுத்தப்பட்ட புகார். வெளியேற்ற உத்தரவு அங்கே கிடைக்காது. அது வாடகை நீதிமன்றத்தில். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்ற வளாகம். அதன் உத்தரவுக்கு எதிராக வாடகைத் தீர்ப்பாயம்.

ஒப்பந்தத்தில் ‘தகராறு வந்தால் நடுவர் மன்றம்’ என்று எழுதியிருந்தால்: 2020-இல் வித்யா துரோலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் கீழ் வரும் வாடகைத் தகராறை நடுவர் தீர்க்கலாம், தனி வாடகைச் சட்டம் தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தியிருந்தால் முடியாது. இங்கேயும் எந்தச் சட்டம் என்பதே முதல் கேள்வி.

படி 7: நோட்டீஸும் எதிருரையும்

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்றம் கேட்க 106-ஆம் பிரிவு நோட்டீஸ் தேவையில்லை என்று தமிழ்நாட்டிலிருந்து போன தனபால் செட்டியார் வழக்கில் 1979-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் புதிய சட்டத்தில் பாக்கிக்காக வெளியேற்றம் கேட்க, கேட்பு நோட்டீஸ் வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் முழுதாகக் கட்டிவிட்டால் அந்தக் காரணம் விழுந்துவிடும். எனவே நோட்டீஸில் எந்த மாதம், எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கணக்கு எழுதுங்கள். பல சட்டங்களின் பிரிவுகளைக் கலந்து எழுதாதீர்கள்.

வாடகைதாரர் சட்டம் பொருந்தாது என்று மறுப்பதானால் முதல் எதிருரையிலேயே (மனுவுக்குத் தாக்கல் செய்யும் பதிலிலேயே) மறுக்க வேண்டும். உண்மைகளோடு மறுக்க வேண்டும். ‘இம்மனு நிலைநிற்கத்தக்கதல்ல’ என்று மட்டும் எழுதினால் அது வெறும் வாய்ப்பாடு. இப்படி எழுதுங்கள்: ‘மனுச்சொத்து 2011 முதல் வார்ப்புத் தொழிலுக்காகவே வாடகைக்கு விடப்பட்டது. ஒப்பந்தத்தின் 3-ஆம் பத்தியும், தொழிற்சாலை உரிமமும் அதைக் காட்டும். எனவே அது 2017 சட்டத்தில் சொல்லப்பட்ட கட்டடம் அல்ல; இந்நீதிமன்றத்துக்கு இம்மனுவை விசாரிக்க அதிகாரம் இல்லை.’

உரிமையியல் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளச் சொல்லி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 11-இன் கீழ் மனு போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் நீதிமன்றம் வழக்குரையில் உள்ளதை மட்டும்தான் பார்க்கும். உங்கள் எதிர்வழக்குரையைப் பார்க்காது. வழக்குரையிலேயே ‘தனியார் வீடு, மாத வாடகை, மாநகராட்சி எல்லை’ என்றிருந்தால் மனு வேலை செய்யும். அந்த உண்மைகள் உங்கள் பக்கத் தாள்களில்தான் இருக்கின்றன என்றால் அதிகாரம் பற்றித் தனி எழுவினா (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வி) வகுத்து விசாரிக்கக் கேளுங்கள்.

வழக்கு நடக்கும்போது

வாடகையை நிறுத்தாதீர்கள். சட்டம் பொருந்துமா என்ற சண்டை நடக்கும்போது ‘அது முடியட்டும்’ என்று வாடகையை நிறுத்துபவர், எந்தச் சட்டம் பொருந்தினாலும் தோற்கும் ஒரு காரணத்தைத் தானே உண்டாக்குகிறார். வாங்க மறுத்தால் வங்கி வழியாக அனுப்புங்கள். அது திரும்பினால் மணியார்டர். பிறகு வாடகை அதிகாரியிடம் செலுத்த மனு. ஒவ்வொன்றின் ரசீதும் மாதவாரியாக ஒரே கோப்பில்.

வீட்டுக்காரர் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தக் கூடாது. பூட்டு மாற்றக் கூடாது. சட்டம் பொருந்தாத கட்டடமானாலும் கூடாது. சட்டப்படியல்லாமல் வெளியே தள்ளப்பட்டவர், தனிநிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின்படி 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு உரிமை மூலம் பேசாமலே அனுபவத்தை மீட்கலாம்.

தவறான வாசலில் தட்டிவிட்டால்

தெரிந்தவுடனே நிறுத்துங்கள். மேல்முறையீடு வரை இழுத்துப்போய்த் தோற்பதைவிட, வழக்குரையை உரிய நீதிமன்றத்தில் தாக்கல் செய்யத் திருப்பித் தரும்படி கட்டளை 7, விதி 10-இன் கீழ் கேட்பதோ, புதிதாகப் போடும் உரிமையோடு திரும்பப் பெறுவதோ நல்லது. உரிமை கேட்காமல் திரும்பப் பெற்றால் அதே காரணத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாமல் போகும். உத்தரவில் அந்த வார்த்தைகள் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

வாடகைப் பாக்கிக்குக் காலவரம்பு 3 ஆண்டு. தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு, அக்கறையாக நடத்திய காலத்தைக் காலவரம்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கழித்துத் தரும். அதற்கு, அங்கே போனது நேர்மையான தவறு என்று காட்ட வேண்டும். எதிர்த்தரப்பு முதல் எதிருரையிலேயே அதிகாரம் இல்லை என்று காரணத்தோடு சொல்லியும் ஐந்து ஆண்டு நடத்தியவருக்கு அதைக் காட்டுவது கடினம். அதனால் எதிருரை கைக்கு வந்த வாரத்திலேயே தேதித்தாளை மறுபடி எடுத்து, படி 2-லிருந்து 5 வரை ஒருமுறை திரும்பச் சரிபார்த்துவிடுங்கள்.